பெசிர்க் என்ற சொல்

மூன்றாவது ஷெல் எங்கள் மதிலைத் தாண்டுகிறது. விசில் சத்தம். நான் முற்றத்தில் நிற்கிறேன்.

“மாஸ்டர், படுங்கோ! விழுந்து படுங்கோ!”

பக்கத்து வீட்டுக் குணம் என்னைப் பதுங்குகுழிக்குள் இழுத்துப் போட்டான். காலை ஆறே கால். நான் நின்ற இடத்தில் ஷெல் விழுந்து கிடங்காகிவிட்டது.

அந்த வருடமே இருவரும் ஜெர்மனிக்குத் தப்பினோம். டூயிஸ்பேர்க் நகர அகதி முகாம். குணத்தின் மனைவி வசந்தி பின்னால் வந்தாள். நிறைமாதம். அதிகாரிகள் அவளை வூப்பர்டால் நகர முகாமில் விட்டார்கள். ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை.

குணம் தன் அனுமதித் தாளை நீட்டினான். பெசிர்க்கை, அதாவது அவனுக்குரிய வட்டாரத்தை, விட்டு வெளியேறக் கூடாது என்று அதில் இருந்தது.

“எதுவரைக்கும் போகலாம், மாஸ்டர்?”

நான் யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்தவன். அட்லஸை விரித்தேன். டுசல்டோர்ஃப் பெசிர்க். நெப்போலியன் தோற்றபின் பிரஷ்யா வகுத்த நிர்வாகப் பிரிவு. மேற்கே ஒல்லாந்து எல்லை. நடுவே ரைன் நதி. கிழக்கே ரூர் நிலக்கரி நகரங்கள், அவற்றின் தெற்கே வூப்பர் ஆறு. ஐம்பது இலட்சம் சனம். இரண்டு நகரங்களும் அதற்குள்ளேதான்.

“ஒரே மாவட்டம். பயப்பிடாமல் போ.”

“மாஸ்டர் சொன்னால் அரசாங்கம் சொன்ன மாதிரி.” சிரித்தான்.

தாளில் இருந்த பெசிர்க் வேறு. வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதி. டூயிஸ்பேர்க் நகரம் மட்டும். அலுவலகம் என்ற சொல்லும் பக்கத்திலேயே இருந்தது. வாசித்தேன். பொருட்படுத்தவில்லை. யாரையும் கேட்கவுமில்லை. கேட்டால் மாஸ்டருக்குத் தெரியாது என்றாகிவிடும்.

முதல் முறை பிடிபட்டான். தண்டம். “அவங்கள் பிழையாப் பிடிச்சிட்டாங்கள், திரும்பவும் போ,” என்றேன். போனான். இரண்டாம் முறை வழக்கு. மகள் பிறந்தபோதும் அதன் பிறகும் போக அனுமதி கிடைக்கவில்லை; வசந்திக்கும் வர அனுமதி இல்லை. பிறகு அகதி விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டது. வழக்கும் அந்தக் கோப்பில் கிடந்தது. கொழும்புக்கு அனுப்பினார்கள். வன்னிக்குப் போனான். கடைசி யுத்தத்தில் ஷெல் விழுந்து செத்தான்.

இப்போது லண்டனில், ஹரோவில் இருக்கிறேன். வருடாவருடம் நினைவுக் கூட்டத்தில் அவன் பெயரை வாசிக்கிறார்கள். ஷெல்லடியில் இறந்தவர். அவ்வளவுதான். இம்முறை எழுந்து உண்மையைச் சொன்னேன்.

“விடுங்கோ மாஸ்டர். அந்த நாளையில ஜெர்மன் ஆருக்கு விளங்கினது?” என்றார் ஒருவர்.

கைதட்டி என்னை இருத்தினார்கள். எரிச்சலோடு பஸ் ஏறினேன். அவர்கள் வாசிக்காத இழப்புகளை இங்கே எழுதுகிறேன்.

குணம்: உயிர். வசந்தி: கணவன். மகள்: தகப்பன். அவன் அவளை ஒருமுறைகூடத் தூக்கவில்லை.

நான்: இழப்பு எதுவுமில்லை. எனக்கு வதிவிட உரிமை கிடைத்தது. அது கிடைக்கும்வரை டூயிஸ்பேர்க்கை விட்டு நான் ஒருநாளும் வெளியே போகவில்லை.