எந்தப் பக்கம் மேலே?

பகல் பன்னிரண்டரை மணி. ஆமாம், பகல்தான்... அதெல்லாம் ராத்திரியில் மட்டும்தான் நடமாடும் என்று எந்த மடையன் உங்களுக்குச் சொன்னான்? கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். இது என்னோடு வேலை பார்க்கிற அருள்ஜோசப்பின் சித்தப்பா ஜெபதுரைக்கு நடந்தது. ஐம்பத்தேழாம் வருஷம், சித்திரை மாதம்.

ஓசூரிலிருந்து கெலமங்கலம் போகிற சாலை. சைக்கிளில் தன்னந்தனியாகப் போகிறார் மனுஷர். ஈ, காக்கை இல்லை. புளியமரத்து நிழல்கூட மரத்தடியிலேயே சுருண்டு கிடக்கிறது.

ஜெபதுரை டிராயிங் மாஸ்டர். ஓசூரில் முதல்முறையாக நவீன ஓவியக் கண்காட்சி வைக்கப்போகிறார். படத்தில் ஆள் கிடையாது, மரம் மட்டை கிடையாது, வெறும் வண்ணமும் கோடும்தான். சென்னை, பெங்களூர் என்று அலைந்து, ஐம்பது அறுபது படங்களைப் பார்த்து, பதினைந்தைப் பொறுக்கி எடுத்துவிட்டார். பதினாறாவது, கெலமங்கலத்துச் சிநேகிதன் தீர்த்தகிரி தருவதாகச் சொன்ன படம். நோட்டீஸில் அவன் பெயரும் போட்டாயிற்று. நாளைக்குத் திறப்பு, படம் இன்னும் வரவில்லை. அதற்குத்தான் இந்த வெயிலில் ஓட்டம்.

பாதி வழியில்... தீர்த்தகிரியே நிற்கிறான். படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, சாலை ஓரத்தில். வேட்டி நுனியிலிருந்து சொட்... சொட்... என்று தண்ணீர்.

"எங்கடா முழுகிட்டு வர்ற? நாளைக்குத் தெறப்பு, நீ பாட்டுக்கு..."

"லட்சுமி வந்து பாக்கட்டும்" என்றான் தீர்த்தகிரி. அவ்வளவுதான் பேச்சு. ஜெபதுரை படத்தை கேரியரில் கட்டிவிட்டு நிமிர்ந்தால் ஆளைக் காணோம். எண்ணெய் வண்ணம் என்றால் எண்ணெய் வாசனை வர வேண்டாமா? இதில் பாசி நாற்றம் அடித்தது.

அன்று சாயங்காலமே பள்ளிக்கூட ஹாலில் மாட்டினார். முழுக்கக் கறுப்பு. நடுவே சின்னதாக ஒரு வெள்ளைச் சதுரம், அதில் ஒரு மூலை மட்டும் உடைந்தாற்போல. அந்த மூலையை மேலே வைத்தார், சரியில்லை. கீழே வைத்தார், அதுவும் இல்லை. இடம், வலம்... எப்படி மாட்டினாலும் தலை சுற்றியது. மற்ற பதினைந்தையும் கண்ணை மூடிக்கொண்டு மாட்டியவர், இந்த ஒன்றிடம் தோற்றுப்போனார். வாட்ச்மேன் திம்மப்பன் வேறு, "ஏன் சார், கருகின தோசைய எந்தப் பக்கம் வெச்சா என்ன?" என்று கேட்டு அவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டான்.

மறுநாள் காலை, கூட்டம் வருவதற்கு முன்பே தீர்த்தகிரியின் மனைவி லட்சுமியம்மாள் வந்து நின்றாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது.

"நோட்டீசுல அவரு பேரு இருக்குதே சார். எங்க இருக்காரு? பன்னண்டு நாளா வீட்டுக்கு வரல. எவளோடயோ பெங்களூருக்கு ஓடிட்டான்னு ஊரே சிரிக்குது. நெசமா இருந்தாலும் சொல்லிடுங்க, தாங்கிக்கறேன்."

ஜெபதுரைக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேற்றுத்தானே சாலையில் பார்த்தார்! அவளைக் கூட்டிப்போய்ப் படத்தின் முன்னால் நிறுத்தினார்.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அதைக் கழற்றித் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். தரையில் உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்தாள்.

"இது செவுத்துல மாட்டறது இல்ல சார். இப்படிப் பாக்கறது. எங்க கொல்லையில ஒரு பாழுங்கெணறு... ஒரு தடவ தூர் வாரறப்ப நானும் அடியில எறங்கி மண்ணள்ளிக் குடுத்தேன். அங்கிருந்து பாத்தா வானம் இப்படித்தான் தெரியும். அந்த மூலையில ஒரு கல்லு இல்ல."

கண்காட்சியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இருவரும் ஓடினார்கள். கிணற்று விளிம்பில் குனிந்து எட்டிப் பார்த்தார்கள். அதே பாசி நாற்றம். அடியில், தண்ணீரில்... ஒரு வெள்ளை வேட்டி.

செத்துப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும் என்றார்கள். லட்சுமியம்மாள் மண்ணில் விழுந்து புரண்டாள். "ஓடலயே சார்! என்னை விட்டுட்டு ஓடலயே!" துக்கம்தான், அந்தத் துக்கத்துக்குள்ளே ஒரு நிம்மதியும் இருந்தது. ஜெபதுரையும் குழந்தை மாதிரி அழுதார்.

காரியம் முடிந்ததும், படம் அவளிடமே இருக்கட்டும் என்று துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அவள் வீட்டில் துணியை அவிழ்த்தால்... வெள்ளைச் சதுரத்தின் ஓரத்தில் மூன்று கறுப்புத் தலைகள். முன்பு இல்லவே இல்லை. கொண்டை போட்டிருப்பது லட்சுமியம்மாள். மூக்குக்கண்ணாடி போட்டிருப்பது ஜெபதுரை. அன்றைக்கு எட்டிப் பார்த்தது இரண்டே பேர்தான். மூன்றாவது தலைக்கு ஒரு கையும் இருந்தது, அது ஜெபதுரையின் தோளைப் பிடித்திருந்தது.

"அவருதான் சார்!" லட்சுமியம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "அந்த வெடச்ச காதப் பாருங்க. நீங்க விழுந்துடுவீங்கன்னு புடிச்சிட்டிருக்காரு."

ஜெபதுரைக்கும் மனசு குளிர்ந்தது. சைக்கிளில் ஏறி, பாதி வழி வருகிறவரைக்கும்தான்... அப்புறம் உறைத்தது. தீர்த்தகிரி மேலே தங்கள் பக்கத்தில் நின்றான் என்றால், கீழே கிடந்து அண்ணாந்து பார்த்து வரைந்தது யார்?

சைக்கிளைத் திருப்பி மிதித்தார். படம் அங்கேயே சுவரில் சாய்ந்திருந்தது. இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. நெல்லிக்காய் அளவு இருந்த தலைகள் இப்போது தேங்காய் அளவு இருந்தன. அடியில் இருந்தது மேலே ஏறி வந்துகொண்டிருந்தது... வெள்ளைச் சதுரம் விரிந்து, சுற்றியிருந்த கறுப்பு இன்னும் நாலு விரற்கடைதான் பாக்கி.