போர்வைக்குள்ளிருந்து நீண்ட விரல்

விடியற்காலை நாலு மணி. மேலே ஏரிக்குப் போகிற ரோடு... நாளைக்கு நாம் போகப்போகிற அதே ரோடுதான். ஒரே ஒரு கார். முன்னும் பின்னும் ஆள் நடமாட்டம் கிடையாது. உள்ளே இரண்டு பேர். ஒருத்தர் ஓட்டுகிறார், இன்னொருத்தர் பின் சீட்டில் கால்களை மடக்கிப் படுத்திருக்கிறார்.

பின் சீட்டிலிருந்து ஒரு சத்தம். களக்... களக்... மூடி போட்ட பாத்திரத்தில் தண்ணீர் கொதிப்பதுபோல. அது அவருடைய நெஞ்சிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஓட்டினவர் ரேடியோவைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

ஹீட்டர் பக்கமாக நகர்ந்து உட்காருங்கள், சொல்கிறேன். பதினாறு வருஷமாக இந்த மலையில் ஜீப் ஓட்டுகிறேன். இந்த உயரத்தில் காற்று மெலிசு, உடம்பு பழகாவிட்டால் நெஞ்சில் நீர் கோத்து ஆளையே கொன்றுவிடும். வந்து இறங்கின அன்றைக்கு எங்கேயும் அலையாதீர்கள், ஒரு நாள் முழுக்கச் சும்மா இருங்கள், தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள், பிராந்தி பாட்டில் பக்கம் போகாதீர்கள் என்று தொண்டை வறளச் சொல்வேன். எல்லாரும் நன்றாகத் தலையாட்டுவீர்கள். அப்புறம் லீவு எத்தனை நாள் மிச்சம் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு உங்கள் இஷ்டத்துக்கு நடப்பீர்கள். தண்ணீர் குடித்தால் ராத்திரி நாலு தடவை எழுந்து போகவேண்டியிருக்கிறதாம், மத்தியானம் இங்கே ஒருத்தர் குறைப்பட்டுக்கொண்டார். எழுந்து போகிறவன் உயிரோடு இருக்கிறான், ஐயா. சந்தோஷப்படுங்கள்.

அதனால் இன்றைக்கு யோசனை எதுவும் சொல்லப்போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

என் கூட்டாளிக்கு ஒரு தாய்மாமன். போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். ஆயுசு முழுக்க பாஸ்போர்ட் சைஸ் முகங்களை எடுத்து எடுத்து அலுத்துப்போன மனிதர். அந்த ஏரியில் சூரியன் எழும்புவதை ஒரே ஒரு படம் எடுத்து, கடை வாசலில் ஆள் உயரத்துக்கு மாட்டவேண்டும் என்று அவருக்கு ஒரு பைத்தியம். தனியாக அனுப்ப அவர் மனைவிக்கு மனசில்லை. தன் தங்கை புருஷனைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "தம்பி, இவரைத் தனியா விட்டுடாதீங்க."

தங்கை புருஷன் பஸ் கண்டக்டர். சகலைகள் இரண்டு பேரும் நகமும் சதையும்தான். மலை, ஏரி எதிலும் கண்டக்டருக்கு ஆசை கிடையாது. மனைவியின் அக்கா சொல்லிவிட்டாளே என்று சேர்த்து வைத்திருந்த லீவையெல்லாம் போட்டுவிட்டுக் கிளம்பினார். காவலுக்கு வந்த ஆள் அவர். அதை மறந்துவிடாதீர்கள்.

தங்கினது இதே லாட்ஜ். இதே ரூம் என்று சொன்னால் நீங்கள் தூங்கமாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை.

அப்போதைய லாட்ஜ்காரர் கறாரான ஆள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒவ்வொரு ரூமாக வருவார். ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மீட்டர். இந்த உயரத்தில் எண்பத்தைந்து, தொண்ணூறு காட்டினால் போதும். எழுபதுக்குக் கீழே போனால் அந்த நிமிஷமே அவருடைய ஜீப்பில் ஏற்றிக் கீழே அனுப்பிவிடுவார். கெஞ்சினாலும் கேட்கமாட்டார்.

அன்றைக்குக் கரண்ட் இல்லை. சுவரோரக் கட்டிலில் கண்டக்டர் நெற்றி நிறையத் தைலத்தைத் தடவிக்கொண்டு சுருண்டு கிடந்தார். தலைவலி மாத்திரைக்கு அடங்கவில்லை. பாத்ரூம் போய்வந்தபோது கால் பின்னியது. இரண்டு தடவை சொல்லிவிட்டார்: "சகல, எனக்கு முடியல. கீழ போயிடலாம்."

ஸ்டூடியோக்காரர் காதில் அது விழுந்தது. ஆனால் அவர் மனசு ஏரியில் இருந்தது. மறுநாள் விட்டால் அடுத்த நாள் ஊர் திரும்பவேண்டும்.

லாட்ஜ்காரர் வந்தார். குளிர் உள்ளே புகுந்துவிடுமே என்று கதவைக் கொஞ்சமாகத் திறந்து, வாசலில் நின்றபடியே மீட்டரை நீட்டினார். ஸ்டூடியோக்காரர் தனக்கு மாட்டிக் காட்டினார். எண்பத்தொன்பது. பிறகு சுவரோரக் கட்டிலுக்குப் போனார். சகலையின் விரலில் மாட்டினார்.

ஐம்பத்தெட்டு.

பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அப்புறம் அதைக் கழற்றித் தன் வலது கை ஆள்காட்டி விரலில் மாட்டி, கட்டிலில் உட்கார்ந்து, சகலையின் போர்வைக்குள் கையை விட்டு, அந்த விரலை மட்டும் வெளியே நீட்டினார். வாசலிலிருந்து டார்ச் வெளிச்சம் விழுந்தது. லாட்ஜ்காரர் எண்பத்தொன்பது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கண்டக்டர் கண்ணைத் திறக்காமல் கேட்டார். "சகல... என் நம்பர் எவ்வளவு?"

"எண்பத்தொம்பது. ஒண்ணுமில்ல, சளிதான். தூங்கு."

அவர் நம்பினார். சகலை சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்? பதினோரு வருஷப் பழக்கம்.

நாலு மணிக்கு அவரைத் தாங்கிப் பிடித்து, வாடகைக்கு எடுத்து வைத்திருந்த காரில் படுக்கவைத்தார். களக்... களக்... ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கிழக்கே வெளுத்திருந்தது. இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கேமராவோடு இறங்கிப் போனார். ஒன்றரை மணி நேரம். அருமையான படம் கிடைத்ததாம்.

திரும்பி வந்து கார் கதவைத் திறந்தார். சத்தம் நின்றுபோயிருந்தது. தைல வாசனை மட்டும் அடித்தது. அப்பாடா, நன்றாகத் தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டு வண்டியைக் கீழ்நோக்கித் திருப்பினார்.

முதல் வளைவு தாண்டியது.

"சகல... என் நம்பர் எவ்வளவு?"

குரல் தெளிவாக இருந்தது. இழுப்பு இல்லை, இருமல் இல்லை. ஸ்டூடியோக்காரருக்கு ஒரே சந்தோஷம். எண்பத்தொன்பது என்றார். அடுத்த வளைவில் மறுபடியும் அதே கேள்வி. மறுபடியும் எண்பத்தொன்பது. அதற்கடுத்த வளைவிலும் கேட்டது. கோபமில்லாத குரல். சில்லறை கொடுக்கும்போது சரிபார்த்துக் கேட்பாரே கண்டக்டர், அந்த மாதிரி. இங்கிருந்து ஏரிக்கு இருபத்திரண்டு வளைவு, நாளைக்கு நீங்களே எண்ணிக்கொள்ளலாம். இருபத்திரண்டு தடவையும் அந்த மனிதர் பொய்தான் சொன்னார்.

லாட்ஜ் வாசலில் வண்டி நின்றது. லாட்ஜ்காரர் பின் கதவைத் திறந்து கழுத்தில் கை வைத்தார். வைத்த கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். உடம்பு விறைத்துக் கிடந்தது. கீழே ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, சூரியன் எழும்பும்போதே உயிர் போயிருக்கும் என்றார்.

ஊருக்குக் கொண்டுபோனார்கள். கண்டக்டர் மனைவி அழுது முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "அத்தான், முடியலன்னு அவரு சொன்னாரா?"

"ஒரு வார்த்தை சொல்லலம்மா. சொல்லியிருந்தா விட்டிருப்பேனா?"

அவளும் நம்பினாள். அக்கா புருஷன் ஆயிற்றே.

ஆறு வருஷம் ஓடியது. போன வருஷம் ஸ்டூடியோக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன். கொழுந்தியாள்தான் பிளாஸ்க்கில் கஞ்சியோடு கூட இருந்தாள். நர்ஸ் வந்து வலது கை ஆள்காட்டி விரலில் மீட்டரை மாட்டினாள். ஐம்பத்தெட்டு. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்து விரலில் மாட்டினாள். தொண்ணூற்றேழு. மறுபடி ஆள்காட்டி விரல். ஐம்பத்தெட்டு. மிஷினில்தான் கோளாறு என்று வேறொன்று எடுத்துவரப் போனாள்.

ரூமில் இரண்டே பேர். ஸ்டூடியோக்காரர் அந்த நம்பரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கொழுந்தியாள் குனிந்து டம்ளரில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், அவளுடைய குரலிலேயே கேட்டாள்.

"சகல... என் நம்பர் எவ்வளவு?"

அவரை அவள் அத்தான் என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டது கிடையாது. எந்தப் பெண் சகலை என்று கூப்பிடுவாள்? அவர் ஆறு வருஷத்தில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னார்.

"அம்பத்தெட்டு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எது அத்தான் அம்பத்தெட்டு?"

தான் கேட்டதே அவளுக்குத் தெரியவில்லை. அதற்குமேல் அவரால் மறைக்க முடியவில்லை. போர்வை, விரல், இரண்டு தடவை முடியவில்லை என்றது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் டம்ளரிலிருந்த கஞ்சியைப் பிளாஸ்க்கிலேயே திரும்ப ஊற்றி, மூடியைத் திருகி, எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அதோடு சரி. அக்கா வீட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லை.

உண்மையைச் சொன்னதும் விரல் சரியாகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள், இல்லையா? இன்றைக்கும் ஐம்பத்தெட்டுதான். என் கூட்டாளி போன மாசம் மாட்டிப் பார்த்தான்.

அதனால்தான் நான் லைட் எரியும்போதே, முகத்தைப் பார்த்துத்தான் மீட்டர் மாட்டுவேன். ம்... கையை நீட்டுங்கள், ஒவ்வொருத்தராக.

ஒரு நிமிஷம்... தைல வாசனை வருகிறதே. யாருக்குத் தலைவலி? கோபித்துக்கொள்ளமாட்டேன், சொல்லுங்கள். இப்போதே கீழே கூட்டிக்கொண்டு போகிறேன்.

யாரும் தடவவில்லையா?

வாசனை அந்தச் சுவரோரக் கட்டிலிலிருந்து வருகிறது... நீங்கள் ஐந்து பேரும் இங்கே ஹீட்டர் பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்?

நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். மறுபடியும் கேட்கிறேன். யாருக்குத் தலைவலி?