வழி தெரிய வைத்த மரிய கொறற்றி அம்மையாருக்கு

அன்பின் அணிகலமே, அயராத உழைப்பே, எங்கள் நினைவுப் பராமரிப்பு இல்லத்தில் இருபத்தாறு ஆண்டுகள் தொழிற்சிகிச்சையாளராய்த் தொண்டாற்றி ஓய்வுபெறும் மாண்புமிகு மரிய கொறற்றி அம்மையாரே! முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கூச்சத்தில் நெளிவீர்கள். ஆகவே உங்கள் கதையைச் சபைக்குச் சொல்கிறோம்.

சபையோரே! மறதி நோயால் தடுமாறுவோருக்குக் கட்டடத்துக்குள் வழி தெரிய வைப்பதே அம்மையாரின் பணி. அம்புக்குறியால் பயனில்லை என்று கண்டவர் அவர். எங்கள் பெரியவர்கள் அம்பையே பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். கழிவறைக் கதவுக்கு மஞ்சள் பூசி வாளிப் படம் ஒட்டினார். சாப்பாட்டு அறை வாசலில் சோறு சாப்பிடும் நிஜப் பீங்கானையே மாட்டினார்.

சென்ற ஆண்டு இருளாண்டி ஐயா தம் அறையைத் தேடித் தேடி, வாசலைத் தாண்டி, பெரிய வீதியில் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றார். மயிரிழையில் தப்பினார். ஒரு மாதத்துக்குள் அவர் தனியே அறைக்குப் போய்க் காட்டாவிட்டால் எல்லா அறைகளையும் வெளியிலிருந்து பூட்டப்போவதாக நிர்வாகக் குழு சொல்லிவிட்டது.

அம்மையார் அன்றே வேலையில் இறங்கினார். ஐயாவைப் படம் பிடித்து அவர் அறைக் கதவில் ஒட்டினார். ஐயாவோ வாசலிலேயே கைகட்டி நின்றார்.

"அது யாரோ கெழவரு காம்பரா மிஸ். கேக்காம எப்படி உள்ளுக்குப் போறது?"

எழுபத்தெட்டு வயதான தம் முகம் அவருக்கே தெரியவில்லை. அவர் மனத்தில் அவருக்கு முப்பது வயது. தவறு தம்முடையது என்று அம்மையார் குறுகிப்போனார். அதை எங்களிடம் மறைக்கவுமில்லை. பஸ் ஏறி நாவுலயில் இருக்கும் ஐயாவின் மகளிடம் போய், ஐயா மீசை முறுக்கி நிற்கும் கல்யாணப் படத்தை வாங்கி வந்து கதவில் மாற்றி ஒட்டினார். அப்போது தவணைக்கு இரண்டே நாள் மிச்சம்.

சோதனை நாளில் குழுவினர் ஐவர் பின்தொடர, ஐயா நடந்தார். யாரும் வாய் திறக்கக் கூடாது. அம்மையார் செபமாலையை உருட்டிக்கொண்டே பின்னால் போனார். திருப்பத்தில் நின்ற ஐயா வெளிவாசல் பக்கம் இரண்டடி வைத்தார். எங்களுக்கு உயிரே போய்விட்டது. பிறகு என்ன தோன்றியதோ, மறுபக்கம் பார்த்தார். படத்தைக் கண்டார். நேரே நடந்து போய்க் கதவைத் திறந்து, பின்னால் வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் வெளியில நிக்கிறீங்க? இது நம்ம காம்பராதான். உள்ளுக்கு வாங்க."

குழுத் தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பூட்டைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

அம்மையாரே! நோய் அண்டாமல், நெஞ்சம் வாடாமல், நிறைந்த நிம்மதியோடு நீடூழி வாழுங்கள். உங்களை அனுப்ப எங்களுக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இன்று காலை வந்து சேர்ந்த ஹமீமா உம்மா இன்னும் தம் அறை தெரியாமல் நடைவழியில் நிற்கிறார். விழா முடிந்ததும், அவர் மனத்தில் அவருக்கு எத்தனை வயது என்று மகளிடம் கேட்கப் போகிறோம். நீங்கள் வர வேண்டாம். வந்தால் நாங்கள் ஒருநாளும் கற்றுக்கொள்ள மாட்டோம்.

நன்றி மறவா நெஞ்சினராய்,
இல்லப் பணியாளர்கள்,
அலுவிகாரை, மாத்தளை.