நாக்குத் தகட்டுல விழுந்த ஓட்டை

...அதைத்தானே சொல்லிட்டிருக்கேன், ஓட்டை போடறதுன்னா எல்லாருக்கும் விளையாட்டாப் போச்சு! இன்னும் கொஞ்சம் திறங்க... ஆங், அவ்ளோதான். ஊசி போட்டாச்சு, பஞ்சும் வெச்சாச்சு. இனிமே மரத்துப்போற வரைக்கும் சும்மா படுத்திருங்க. என்ன? ஏன் பல்லு குடையற மெஷினையே அப்படி முழிச்சுப் பாக்கறீங்க, மிஸ்டர் டோலெஃப்சன்? நீங்க ஊருக்குப் புதுசு, அதான். இந்த ஊர்ல பாதிப் பேர் வாய்க்குள்ள என் கை போயிருக்கு. டாக்டர் மார்வான்னா போதும், சீஸ் ஃபேக்டரிக்காரனும் சொல்வான், பாதிரியாரும் சொல்வாரு. பல்லுல நான் போட்ட ஓட்டை ஒண்ணு தப்பினதில்ல.

ஆனா அலுமினியம் இருக்கு பாருங்க... ஐயோ!

ஏரோப்ளேன் கட்டறோம்ங்க. நானும் லைலும். லைல்னா என் வீட்டுக்காரர்தான், ஸ்கூல் பஸ் ஓட்டறாரே, பச்சைத் தொப்பி, அவர். இல்லீங்க, பொம்மை இல்ல! புருவத்தைத் தூக்காதீங்க, பஞ்சு நழுவுது. ரெண்டு பேர் ஏறி உக்காந்து பறக்கற நிஜ ஏரோப்ளேன். கம்பெனியிலேர்ந்து பெட்டி பெட்டியா தகடு வரும். நாமதான் கராஜ்ல வெச்சு துளை போடணும், பிசிர் எடுக்கணும், தகட்டோட தகட்டைச் சேக்க ரிவெட் ஆணி அடிக்கணும். காரெல்லாம் வெளியில பனியில நிக்குது, ஏரோப்ளேன் உள்ள சுகமா இருக்கு. அதுக்கு ஹீட்டர் வேற!

மொதல் நாளே பாருங்க, வால்ல ஒரு ஓட்டை. டிரில் முனையில மாட்டற பிட்டு வழுக்கிடுச்சு. வட்டமா வரவேண்டியது எட்டு மாதிரி வந்துடுச்சு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டின ரெண்டு ஓட்டை! நான் கம்பெனிக்குப் போன் போட்டு அழுதேன். அங்க ஒரு ஆள் இருக்கான், உதவிக்குன்னே. சாவு வீட்டுல பேசற மாதிரி பேசுவான். "எந்த ஓட்டை, டாக்டர்? ம்ம்... பக்கத்துல இன்னும் ரெண்டு ரிவெட் போடுங்க. பரவாயில்ல. மேல கட்டுங்க." எது சொன்னாலும் மேல கட்டுங்க! ஓட்டை பெருசாயிடுச்சா? பெரிய ரிவெட் போட்டு மேல கட்டுங்க. ரிவெட் கோணிக்கிச்சா? தலையைத் துளைச்சு எடுத்துட்டு மேல கட்டுங்க. ரிவெட்டை எடுக்கறது லேசுன்னு நெனைக்காதீங்க. உங்க கடவாப் பல்லைப் பிடுங்கிடலாம், அது வராது. எடுக்கப்போயி ஓட்டை இன்னும் பெருசாகும். பெருசானதைச் சரிபண்ணப்போயி பக்கத்துல புதுசா ஒண்ணு விழும். ஒருநாள் காலையில ஒரு தப்பைச் சரிபண்ண ஆரம்பிச்சு, சாப்பாட்டு நேரத்துக்குள்ள மூணு தப்பு சம்பாதிச்சேன்!

உதடு மரத்துப்போச்சா? தட்டிப் பாருங்க... இன்னும் இல்லையா? சரி சரி.

அடியில முட்டுக் குடுக்க ஒரு நாள் எதுவும் கெடைக்கல. சமையல் ரூம்லேர்ந்து கேக் தட்டைக் கொண்டாந்து தகட்டுக்கு அடியில வெச்சு துளை போட்டேன். வேலை முடிஞ்சுது, தட்டைத் திரும்ப வெச்சுட்டேன். மறுநாள் லைல் சர்ச்சுக்குன்னு கேக் மாவை ஊத்தறாரு... ஷவர் மாதிரி ஒழுகுது! அடுப்பெல்லாம் மாவு. தட்டைத் தூக்கி வெளிச்சத்துல பாத்தா வரிசையா ஓட்டை. ஒரே நேர்கோடு, ஒரே இடைவெளி. அந்த மனுஷன் அதையே ரொம்ப நேரம் பாத்தாரு. "மார்வா, இவ்ளோ அழகா தட்டுல வருதே, ஏரோப்ளேன்ல மட்டும் ஏம்மா வரமாட்டேங்குது?"ன்னாரு. சிரிக்காதீங்க! சிரிச்சா பஞ்சு வெளிய வந்துடும்.

இதெல்லாம் சில்லறை. இப்போ சொல்றேன் கேளுங்க பெரிய கூத்து.

ரெக்கையை உடம்போட சேக்கணும். முன்பக்கம் ஒரு வரிசை போல்ட், அது கம்பெனியே துளை போட்டுக் குடுத்துடறான். பின்பக்கம் ஒரே ஒரு போல்ட். ரெக்கையிலேர்ந்து நாக்கு மாதிரி ஒரு தகடு நீட்டிக்கிட்டிருக்கும். அதை உடம்புல இருக்கற ரெண்டு தகட்டுக்கு நடுவுல செருகி, நாமதான் ஓட்டை போடணும். அந்த ஓட்டையைச் சுத்தி நாலு பக்கமும் போதுமான தகடு இருக்கணும். விளிம்பு ஓரமாப் போச்சுன்னா, மேல பறக்கறப்போ நாக்கு கிழிஞ்சு... வேணாம், நீங்க ஏற்கனவே வெளுத்துப்போயிருக்கீங்க.

ரெக்கை தூக்கறதுன்னா எங்க தெருவுல திருவிழாதான். பக்கத்து வீட்டு நார்பர்ட் வந்தான், சாசேஜ் சுட்டோம், பீர் ஒடைச்சோம். ரெக்கை அழகா உள்ள போயி உக்காந்துச்சு. நகராம இருக்க லைல் கவ்வி மாட்டினாரு. நான் டிரில்லைக் கையில எடுத்தேன். சர்ர்ருனு ஒரே இழுப்பு, வெண்ணெயில எறங்கின மாதிரி எறங்குச்சு. எனக்கு அப்படி ஒரு பெருமை! ரெக்கையைப் பின்னால இழுத்துப் பாக்கறேன்... ஓட்டை விளிம்புல நிக்குது. அந்தாண்ட மிச்சம் இருக்கற தகடு நகத்தோட வெள்ளை அளவுகூட இல்ல.

அடுப்புல சாசேஜ் பொசுங்குது. நார்பர்ட் தொப்பியைக் கழட்டிட்டான். தொப்பியை! யாரோ செத்துட்ட மாதிரி! நீ ரெக்கை மேல சாஞ்சதாலதான்டா நகந்துச்சுன்னேன். சாயவே இல்லைங்கறான். லைல் தும்மினாரு, அதனாலயும் இருக்கும். நாய் வேற குறுக்க ஓடுச்சு. அந்தக் கவ்வியும் மட்டமான கவ்வி!

அப்புறம் எனக்கு ஒரு யோசனை. இதை வெளிய சொல்லாதீங்க... எங்க சொல்லப்போறீங்க, வாயிலதான் பஞ்சு இருக்கே. போல்ட்டைப் போட்டு, அடியில பெரிய வாஷரை வெச்சுட்டா ஓட்டையோட ஓரம் மறைஞ்சுடும். யாரு கண்ணுக்கும் தெரியாது. பறக்கறதுக்கு முன்னாடி சோதிக்க வர்ற இன்ஸ்பெக்டருக்குக்கூடத் தெரியாது. வெச்சும் பாத்தேன். பளபளன்னு புத்தம்புதுசா இருந்துச்சு. லைலைக் கூப்பிட்டேன். "எப்படி இருக்கு?"ன்னேன். அவரு குனிஞ்சு பாத்தாரு. திட்டுவாருன்னு நெனைச்சேன். திட்டியிருந்தா நானும் ரெண்டு திருப்பிக் குடுத்திருப்பேன், சரியாப் போயிருக்கும். "நீ சரின்னா சரிதான் மார்வா. பக்கத்து சீட்டுல நான்தானே உக்காரப்போறேன்"னுட்டு கை கழுவப் போயிட்டாரு.

பாத்தீங்களா அநியாயத்தை! இப்படியா ஒரு மனுஷன் நம்பறது?

மறுநாள் சர்ச்சு. பாதிரியார் என்ன பேசினாருன்னு சத்தியமா தெரியாது. என் கண்ணு முழுக்க அந்த வாஷர்தான். சொத்தையை உள்ள விட்டுட்டு மேல அடைச்சா அது பல்லாங்க? யாராவது அடைச்சிருந்தா நான் என்ன பேச்சுப் பேசுவேன்! பாட்டுப் பாட எல்லாரும் எழுந்தாங்க, நானும் எழுந்தேன். எழுந்தவ அப்படியே வெளிய நடந்துட்டேன். லைல் பின்னாடியே ஓடி வராரு, "என்னம்மா, ஒடம்பு சரியில்லையா?"ங்கறாரு. "கார் சாவியைக் குடுங்க. அந்த நாக்கைப் பிடுங்கணும்"னேன். படியில நின்ன ஒரு அம்மா என்னை எப்படிப் பாத்தாங்கன்னு நீங்க பாக்கணும்!

சர்ச்சுக்குப் போட்ட கவுனோடயே உக்காந்து, நாக்கை ரெக்கையோட பிடிச்சிருந்த ரிவெட்டை ஒவ்வொண்ணா எடுத்தேன். பல்லுக்குப் போடற பூதக்கண்ணாடியை மாட்டிக்கிட்டு, தலையை மட்டும் துளைச்சு, அடியைப் பைய நெம்பி... ஒரு ஓட்டைகூட பெருசாகலைங்க! நாக்கு கழண்டு கையில வந்துச்சு. எனக்கு அழுகை, அந்த மனுஷனுக்குச் சிரிப்பு. "பிரமாதமாப் பிடுங்கினீங்க, டாக்டர்"ங்கறாரு. திங்கக்கிழமை கம்பெனிக்குப் போன் போட்டேன். நம்ம சாவு வீட்டு ஆள் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டான். "டாக்டர், அந்த நாக்கைக் கழட்டித்தான் ஆகணும்"னான். "கழட்டியாச்சுப்பா"ன்னேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. புது நாக்கை அன்னைக்கே அனுப்பிட்டான், தங்கமான பிள்ளை.

நேத்துதான் மறுபடியும் ரெக்கையை மாட்டினோம். அங்கதான் எனக்கு அவமானம்! டிரில்லைக் கையில எடுக்கறேன், "கொஞ்சம் இரு"ன்னு லைல் பாக்கெட்லேர்ந்து என்னமோ எடுக்கறாரு. என்னன்னு நெனைக்கறீங்க? பஞ்சு! என் கிளினிக்லேர்ந்து தூக்கிட்டு வந்த பஞ்சுருளை! "வாயைத் திற"ங்கறாரு. அந்த நார்பர்ட் பய விழுந்து விழுந்து சிரிக்கறான். ரெண்டு கன்னத்துலயும் திணிச்சு, நடுவுல ஒண்ணு. அணில் மாதிரி நிக்கறேன் நான்! ஒரு வார்த்தை பேச முடியல. பேச முடியாததால கவ்வியைப் பாத்தேன். முடுக்கினேன். டேப்பை வெச்சு அளந்தேன். மறுபடியும் அளந்தேன். சின்ன பிட்டு, அப்புறம் கொஞ்சம் பெருசு, அப்புறம் இன்னும் கொஞ்சம் பெருசு. ரெக்கையை இழுத்துப் பாத்தா... மிஸ்டர் டோலெஃப்சன், ஓட்டை நட்ட நடுவுல உக்காந்திருக்குங்க! நெத்திப்பொட்டு மாதிரி! பஞ்சைத் துப்பிட்டு நான் போட்ட கூச்சல்ல நாய் மேசைக்கடியில போயிடுச்சு. லைலைப் பிடிச்சு தெரு நடுவுல நிக்க வெச்சு ஆடினேன், கால்ல பனிச்செருப்போட. அதான் இன்னைக்கு இப்படிக் குதிச்சுக்கிட்டிருக்கேன்!

ஆனா லைல் போடற பழியைப் பாருங்க. அன்னைக்கு நார்பர்ட் சாயவும் இல்லையாம், நாயும் வரலையாம். தும்மல் அப்புறம்தான் வந்துச்சாம். நான்தான் நார்பர்ட்டுக்கு அவன் மச்சினியோட பல் செட் கதையைச் சொல்லிக்கிட்டே கவ்வியை முடுக்க மறந்து டிரில்லை அமுக்கினேனாம்! "நீ பேசிக்கிட்டே ஓட்டை போடறே மார்வா, அதான் ஒன் வியாதி"ங்கறாரு. கேட்டீங்களா? அப்படிப் பாத்தா தினம் இங்க பேசாமலா ஓட்டை போடறேன்? பேசினாத்தான் எனக்குக் கையே ஓடும்!

சரி, இப்போ உதடு மரத்திருக்கும். ஓட்டையோட போட்டோ என் போன்ல இருக்கு, போன் முன்னால வரவேற்புல டோரீன்கிட்ட இருக்கு, காட்டறேன், அசந்துடுவீங்க. இந்த மெஷினைக் கையில பிடிச்சுக்கிட்டே போயி எடுத்துட்டு வந்துடறேன்... ஒரு நிமிஷம்.

இதோ பாருங்க, இந்த நடுவுல... மிஸ்டர் டோலெஃப்சன்? டோரீன், அவரு எங்க? என்னது, கோட்டைக்கூட எடுக்காமயா! ஐயையோ, ஜன்னலைத் திற! ஏங்க! ஏய்ங்க! கழுத்துல துண்டு தொங்குதுங்க! ஓடாதீங்க, ஐஸ் வழுக்கும்! சூடா காப்பி குடிச்சுத் தொலைக்காதீங்க, உதட்டைக் கடிச்சுக்குவீங்க! பல்லை நாளைக்குப் பாத்துக்கலாம், நான் பேசல, பஞ்சு வேணா வெச்சுக்கறேன்! கேக்குதா? சனிக்கிழமை ஏரோப்ளேனை விமான மைதானத்துக்குக் கொண்டு போறோம், ரெக்கையைக் கழட்டித்தான் கொண்டு போகணும், தூக்க ஆள் வேணும்! பல்லுதானே வலிக்குது, கை நல்லாத்தானே இருக்கு!