முன்பாதியும் பின்பாதியும்

பாரிஸில் லா சப்பல் மெத்ரோ ரயில் மேடையில் எனக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் நின்றார்கள். மூத்தவர் சொன்னார்: "மச்சாள், நாங்கள் வாங்க இருந்தது ஒரு காரில்லை. ரெண்டு கார்."

"என்ன சொல்லுறியள்?"

"இவருக்குப் புதுக்கார்தான் விருப்பம். நான்தான் பழசு காணும் எண்டனான். ஸ்தேன் பக்கம் பழைய கார் விக்கிற இடத்திலை ஒண்டு பாத்தம். உள்ளுக்கை நல்ல வடிவு. பின்சீற்றிலை மூண்டு பிள்ளையளும் தாராளமா இருந்தினம். பெரிய ரோட்டிலை வேகமா ஓடியும் பாத்தம். திரும்பி வந்து இறங்கேக்கை மகளின்ரை தோடு விழுந்திட்டுது. தேடுவமெண்டு பின்சீற்றுக்குக் கீழை விரிப்பைத் தூக்கினன்."

"தூக்க?"

"இந்தக் கரையிலையிருந்து அந்தக் கரைமட்டும் வெல்டிங். முன்பக்கத் தகரம் கறுப்பு, பின்பக்கம் சிவப்பு. அடிபட்ட ரெண்டு காரை வெட்டி ஒட்டியிருக்கிறாங்கள்."

இளையவர் வாயைப் பொத்திக்கொண்டார். "கடவுளே! பிள்ளையள் இருந்த இடத்துக்குக் கீழையோ?"

"ஓம். விக்கிறவனைக் கேட்டால், 'நல்லாத்தானே ஓடுது அக்கா' எண்டுறான்."

"பொலிசுக்குச் சொல்லேல்லையோ?"

"சொல்லத்தான் இவர் இண்டைக்குக் காலமை கார் நம்பரை எழுதி எடுக்கப் போனவர். கார் அங்கை இல்லை. வித்தாச்சாம். வாங்கினவை கைக்குழந்தையின்ரை சீற்றையும் பின்னாலை பூட்டிக்கொண்டு போனவையாம்."

மெத்ரோ வந்து நின்றது. கதவுகள் திறந்து மூடின. இருவரும் ஏறவில்லை.