தலை ஒருத்தருக்கு, குழந்தை ஒருத்தருக்கு

யுத்தம் முடிந்த வருஷமோ, அதற்கு அடுத்ததோ. மயிலாப்பூருக்குத் திரும்பும் டிராமில் கூட்டமில்லை. அந்த நாளில் நடத்துநரே நமக்கு இடம் காட்டுவார், அது போகட்டும். எதிரே ஒரு புருஷன் பெண்சாதி. அவள் மடியில் ஆறு மாதக் குழந்தை. உடம்பைவிடத் தலை பெரிதாக இருந்தது.

“கொயந்தைக்குத் தலை வேற, ஒடம்பு வேறயா?” என்றாள் அவள். “கொயந்தை டாக்டரு, தலைல தண்ணி கோத்துக்கினு கீது, கத்தி வெக்கிற டாக்டராண்ட போன்னு சொல்றாரு. அவரு, இத்தினியூண்டு கொயந்தைய தொட மாட்டேன், கொயந்தை டாக்டராண்டயே போன்னு சொல்றாரு.”

“கத்தாத மே. நாலு வாட்டி அலைஞ்சி கால் ஓஞ்சி போச்சி.”

“உனுக்கு காலு ரெண்டு கீது. இதுக்கு தலை ஒண்ணுதான்யா.”

“கொயந்தை மூளைக்குன்னே படிச்ச டாக்டருங்க சீமைல கீறாங்களாம். இங்க வர்றதுக்கு அஞ்சாறு வருசம் ஆவுமாம். கம்பவுண்டரு சொன்னாரு.”

“அதுவரிக்கும் தலை வளராம நிக்குமா? போன வெள்ளிக்கெயம தலைய சுத்தி அளந்த நூலு இந்த வெள்ளிக்கெயம பத்தல.”

ராயப்பேட்டையில் வண்டி நின்றதும் அவள் எழுந்தாள்.

“எறங்கு. எதிர் வண்டில ஏறி ஆஸ்பத்திரிக்கே திரும்பலாம்.”

“இன்னா மே, மறுபடியுமா?”

“நீ கத்தி டாக்டரு வாசல்ல படு. நா கொயந்தை டாக்டரு வாசல்ல படுக்கறேன். ரெண்டு பேரும் வெளில வந்து ஒண்ணா நின்னு இத பாக்கட்டும். யாரு தொடறதுன்னு அவங்களே பேசிக்கட்டும்.”

“பைத்தியம் புடிச்சிருக்கு உனுக்கு” என்று அவன் முணுமுணுத்தான். எதிர் டிராம் வந்தது. குழந்தையை அவளிடமிருந்து வாங்கி, தலையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, அவன்தான் முதலில் ஏறினான்.