ஆடு துன்ன ரெக்கை

...அதான் சார் நானும் கேக்கறேன். துன்னது ஆடு. ஆட்டுக்காரன் முனிசாமி. அவன் தெனமும் எங்க தெருவுல தான் போய்க்கினு வந்துக்கினு கீறான். அவன ஒரு வார்த்த கேட்டீங்களா? கேக்கல. காலைல வந்தீங்க, ஏரிக்குப் போனீங்க, ஏரோப்ளேன மூணு சுத்து சுத்தி வந்தீங்க, ரெக்கைல இருக்கற ஓட்டைய நாடா வெச்சி அளந்தீங்க, ஸ்டேஷனுக்கு வந்துட்டீங்க. மெட்ராஸ்ல இருந்து இன்ஷூரன்ஸ் கம்பெனி இவ்ளோ தூரம் ஒரு ஆபீசர அனுப்புதே, ஆட்டுக்காரன விசாரிக்க வோணாமா?

ஒக்காருங்க சார். மெட்ராஸ் வண்டி லேட்டு. நகரிக்கு அது என்னிக்கு நேரத்துல வந்துது? மணி அடிப்பான், அப்பறம் எழுந்துக்கலாம். அந்தப் பக்கம் வோணாம், பெஞ்சுல ஆணி நீட்டிக்கினு கீது, வேட்டி கிழியும்... ஓ, நீங்க பேண்ட்டு. பேண்ட்டும் கிழியும். இப்பிடி வாங்க.

நான் செங்கல்வராயன். எழுதிக்கினீங்க இல்ல? நாலு தறி, சொந்தம். ஏரோப்ளேன ஓட்டிக்கினு வந்தானே ஆதிநாராயணன், அவன் எங்க அக்கா சுந்தரி பையன். நான் தாய்மாமன். பெரம்பூர்ல அவங்க நைனா ரயில்வே ஒர்க் ஷாப்பு. அப்பன் தரையில ஓட்றத ரிப்பேர் பண்றான், புள்ள மேல போறேன்னு பூட்டான். சின்ன வயசுல இங்க லீவுக்கு வந்தா கெணத்துல எட்டிப் பாக்கவே பயப்படுவான் சார். அவன் தான் ஆகாசத்துல போறான்.

ஏரோப்ளேனு அவனுது இல்ல. தெரியுமே உங்களுக்கு. மெட்ராஸ்ல கிளப்புல மணிக்கு இவ்ளோன்னு வாடகைக்கு எடுக்கறது. இருநூறு மணி நேரம் ஓட்டிக் கணக்கு காட்டனாத் தான் பெரிய லைசென்ஸாம், அது வந்தாத் தான் சம்பளத்துக்கு ஓட்டலாமாம். நூத்தி எழுவது ஆயிட்சி. அவன் சட்டையப் பாத்தீங்களா? காலர திருப்பித் தச்சிப் போட்டுக்கினு கீறான். துணி நெய்யற வூட்டுப் பொண்ணு பெத்த புள்ள சார் அது. எல்லாக் காசும் மேல பூட்சி.

நான் தான் எழுதனேன், எப்பிடியும் சுத்தப் போற, நம்ம ஊருக்குத் தான் வாயேன்டான்னு. மே மாசம், ஏரி காஞ்சி கெடக்குது, எறங்கலாம்னு. கிராம முனிசீப்பு கிட்ட கடுதாசி வாங்கி அனுப்பனேன். அவன் கிளப்புல பர்மிஷன் வாங்கிக்கினு தான் வந்தான். அதுல தப்பு இல்லன்னு காலைல நீங்களே சொன்னீங்க. நல்லாத் தான் எறங்கனான். கங்கம்மாளோட வெள்ளரிக்கா கொடியில ஒரு பத்தடி நசுங்கிப் போச்சி, அவ்ளோ தான்.

அதக் கேக்கணும் நீங்க. கங்கம்மா வெள்ளரிக்கு உங்க கம்பெனி குடுக்குதாம். மூணாம் மனுசங்களுக்கு ஆன நஷ்டம், அது பாலிசியில தனியா கீதாம். அவ இப்ப வெள்ளரி மட்டும் இல்ல, சத்தத்துல கோழி முட்ட போட்றத நிறுத்திட்சின்னு அதுக்கும் சேத்து அர்ஜி எழுத ஆள் தேடிக்கினு கீறா. அந்தக் கோழி போன வருஷத்துல இருந்தே முட்ட போடல. எங்க வூட்ல கேளுங்க. ஆனா ரெக்கைக்கு மட்டும் யோசிக்கணும்ன்றீங்க. வெள்ளரிக்குக் குடுப்பாங்களாம், ஏரோப்ளேனுக்கு யோசிப்பாங்களாம்.

சரி, புரியுது புரியுது. காலைல சொன்னீங்க. கிளப்பு கட்டற இன்ஷூரன்ஸு கிளப்புக்குத் தான், வாடகைக்கு எடுத்தவனுக்கு இல்ல. ஆதியும் அதத் தான் தப்பா நெனச்சிக்கினு இருந்தான் பாவம். இன்ஷூரன்ஸு கீது மாமா, கவலப்படாதன்னான். எவன் பேருக்கு கீதுன்னு பாக்கல. கம்பெனி கிளப்புக்கு அழுதுட்டு, அப்பறம் கெடுத்தவன் யாருன்னு பாத்து அவன் மேல திரும்பும். அப்பிடித் தானே? எங்க ஊர்ல கோவர்த்தனன் வாடகை சைக்கிள் கடை வெச்சிக்கினு கீறான். பஞ்சர் ஆச்சின்னா எடுத்தவன் ஒட்டிக் குடுக்கணும். யாரு ஆணி போட்டதுன்னு கோவர்த்தனன் கேக்க மாட்டான். உங்க கம்பெனி ஆணி போட்டவன் வரைக்கும் போவுது. நல்லது தான். அப்ப முனிசாமி மேல திரும்புங்க. பதினாறு ஆடு வெச்சிக்கினு கீறான்.

எளனி எதுனா வாங்கியாரட்டுமா? வோணாமா. சரி.

இதுக்கு நான் அலைஞ்சது உங்களுக்குத் தெரியாது. ரெண்டு வருஷத்துக்கு முந்தி இந்த ஊரு மெட்ராஸு. அப்ப துன்னிருந்தா ஒரே போலீஸ் கச்சேரியில முடிஞ்சிருக்கும். இப்ப ஏரோப்ளேனு மெட்ராஸு, ஆடு ஆந்திரா. போலீஸ்காரரு வந்து நாலு பேர சாட்சி வெச்சி தெலுங்குல பஞ்சநாமா எழுதிக்கினு பூட்டாரு, அத உங்க ஆபீசுல படிக்க ஆள் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அத்த எடுத்துக்கினு சித்தூருக்குப் போனா, கர்நூலுக்கு எழுதணும்ன்றான். புதுத் தலைநகராம் கர்நூலு, அது எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியாது. உங்க ஏஜெண்டு திருப்பதியில கீறாருன்னு ஒருத்தன் சொன்னான். அங்க போனா, ரேப்பு ரான்றாங்க. நாளைக்கு வான்னா, நான் நாளைக்கு வரைக்கும் எங்க படுக்கறது? மல மேல போயி கும்பிட்டுட்டு, துண்ட விரிச்சிப் படுத்து, மறுநாள் போனேன். ஏஜெண்டு கேக்கறாரு, வாடகைக்கு எடுத்தது நீயா? இல்ல, நான் தாய்மாமன்னேன். பாலிசியில தாய்மாமனுக்கு எடம் இல்லையாம். காது குத்துக்கு மடி குடுக்கறது நானு, கல்யாணத்துக்கு மால போட்றது நானு, பாலிசியில மட்டும் நான் யாரோ.

இன்னா பாக்கறீங்க? காவலா? காவல் நான் தான் இருந்தேன். காலைல சொன்னேனே. ஆதி வூட்டுக்குத் துன்றதுக்குப் போனான். எங்க வூட்ல தாட்சாயணி ஒரு வாரமா அவனுக்குன்னு என்னென்னவோ பண்ணிக்கினு இருந்தா, சூடு ஆறிடும்னு ஆளு மேல ஆளு அனுப்பறா. நீ போடா, நான் பாத்துக்கறேன்னேன். வெய்யிலு. ரெக்கை நெழல்ல ஒக்காந்தேன். ஒரு அஞ்சு நிமிஷம் கண்ண மூடிட்டேன். தொறந்தா பதினாறு ஆடும் கீழ் ரெக்கை மேல. மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெக்கை, கீழது அதுங்களுக்கு ஏறத் தோதா தாழ இருந்துது. ரெக்கை துணின்றது எனக்கே அன்னிக்குத் தான் தெரியும். கட்டைய வளைச்சி அது மேல துணிய இழுத்துக் கட்டி, வார்னீஷ் மாதிரி எதையோ அடிச்சிருக்கான். நல்ல துணி. நெருக்க இழை. வார்னீஷ் நாத்தத்துக்கு ஆடு கிட்டயே வராதேன்றீங்க. எனக்கு இன்னா தெரியும், முனிசாமி ஆடு எதையும் துன்னும். எலெக்‌ஷன் போஸ்டர ஒண்ணு வுடாது.

இது இன்னா காயிதம்? இங்கிலீஷு. என்கிட்ட நீட்டனா எப்பிடி சார், இங்கிலீஷுல எனக்கு கையெழுத்து மட்டும் தான் தெரியும். கீழ இருக்கறது அவன் கையெழுத்து, அது தெரியுது. ஆதிநாராயணன். எப்ப குடுத்தான் இத்த? நேத்து மெட்ராஸ்லயா? நீங்களே படிங்க. தமிழ்ல சொல்லுங்க.

ம்... ம்... எறங்கும்போது கீழ் ரெக்கையில முள்ளு கிழிச்சிது, ஒரு சாண் அளவு... ஆமா, கிழிச்சிது... அந்தக் கிழிசலத் தச்சி... அது மேல கஞ்சி தடவனது...

யாரு?

இன்னொரு வாட்டி படிங்க சார்.

'நானே.' அப்பிடியா எழுதியிருக்கான்? 'வாடகைக்கு எடுத்த நானே, கிளப்பைக் கேக்காம.' ...அப்ப இன்னா ஆவும்? எடுத்தவனே கை வெச்சான்னா கம்பெனி அவனுக்காகப் பேசவே பேசாது. முழுசும் அவன் தலையில. சரி. கிளப்புல பேர அடிச்சிடுவான். வேற கிளப்புலயும் சேக்க மாட்டான். முப்பது மணி நேரம் தான் சார் பாக்கி அவனுக்கு.

இருங்க. நான் பேசனதே போதும்.

...அவனுக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியாது சார். அரிசி எவ்ளோ, தண்ணி எவ்ளோன்னு கேளுங்க, முழிப்பான். அது என் கஞ்சி. தறியில பாவு நூலு முறுக்கா நிக்கறதுக்குப் போட்றதுக்கு வூட்ல எப்பவும் ஒரு பானை இருக்கும். நான் தூங்கல. கண்ண மூடவே இல்ல. அவன் துன்றதுக்குப் போனதும் அந்தக் கிழிசலப் பாத்துக்கினே இருந்தேன். துணி ஒரு சாண் கிழிஞ்சி காத்துல ஆடுது, நான் நெசவாளி, எப்பிடி ஒக்காந்திருப்பேன்? அவன் அதோட மறுபடி மேல போவணுமேன்னு இருந்துது. கொல்லப் பக்கமா வூட்டுக்கு ஓடிப் போயி ஊசியும் நூலும் பானையும் எடுத்துக்கினு வந்தேன். இழைக்கு இழை பிடிச்சி சேத்தேன். துணி தொய்வா இருந்துது, கஞ்சி போட்டா முறுக்கா நிக்கும்னு போட்டேன். அங்க மட்டும் போட்டா திட்டுத்திட்டா தெரியுதுன்னு ரெக்கை முழுக்கப் போட்டேன். அந்த வெய்யிலுக்கு ஒடனே காஞ்சிட்சி, தட்டிப் பாத்தேன், தவில் மாதிரி பேசிச்சி. அவ்ளோ சந்தோஷம் எனக்கு. அவன இட்டுக்கினு வந்து காட்டலாம்னு வூட்டுக்குப் போனேன். காவல வுட்டுட்டு. திரும்பி வந்தா ஆடு.

சோத்துக் கஞ்சி சார். ஆடு இன்னா பண்ணும் பாவம், வா துன்னுன்னு வெச்ச மாதிரி தானே.

அவன் வந்து மிச்சமிருந்த ரெக்கையத் தொட்டான். வெரல மோந்து பாத்தான். என்னப் பாத்தான். கை கழுவிக்கினு வரேன் மாமான்னு போனான். தெரியலன்னு நெனச்சிக்கினேன். தெரிஞ்சி தான் இந்தக் காயிதம் குடுத்திருக்கான். நான் திருப்பதியில ஏஜெண்டு கிட்ட ஆட்டு மேல பழி போட்டுக்கினு நின்னனே, அப்ப அவன் இத்த எழுதிக்கினு இருந்திருக்கான்.

பயம் சார். வேற ஆளு கெடுத்தான்னா கம்பெனி அவன் மேல திரும்பும்னு நீங்க சொன்னீங்களே, அது எனக்கு முன்னயே தெரியும். நாலு தறியில ரெண்டாச்சும் போவும். மூணு கூட போவலாம். போவட்டும். தறி போனா கூலிக்கு ஒக்காருவேன். அவன் இப்ப எறங்கனா எறங்கனது தான்.

மணி அடிச்சிட்டானா? வண்டி வரட்டும். பொட்டிய மூடாதீங்க, அந்த ஓட்டை ஓரத்துல துணியில ஒரு துண்டு வெட்டி வெச்சிக்கினீங்களே, அத எடுங்க. எடுங்க சார், ஒரு நிமிஷம். இன்னா, மாமன் ஒண்ணு சொல்றான், மருமகன் ஒண்ணு சொல்றான், ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தரு காப்பாத்தறதுக்குப் பொய் சொல்றாங்கன்னு பாக்கறீங்க. நியாயம் தான். நானும் காலைல இருந்து பொய் தான் சொல்லிக்கினு இருந்தேன்.

இதப் பாருங்க. இங்க, கிழிசல் ஓரத்துல. இழை அறுந்த எடத்துல எல்லாம் சின்னதா ஒரு முடிச்சு. நகத்தால தடவுங்க, தட்டுப்படாது. இது பாவு இழைக்குப் போட்ற முடிச்சு. அதுவும் எல்லாரும் வலது கையில சுத்துவாங்க, இது எடது பக்கம் போவுது. எனக்கு எடது கை. ஆதி தறியில ஒரு நாள் ஒக்காந்ததில்ல, அறுந்த நூல முடியவே அவனுக்கு ரெண்டு ஆள் வேணும்...

வண்டி வந்துட்சி. ஏறலியா? சாயங்காலம் தான் அடுத்த வண்டி. ...சரி.

அப்ப பேனாவ எடுங்க. மடியில நூல் கீது. போட்டுக் காட்டறேன், கையப் பாத்துக்கினே இருங்க. இதோ. இப்பிடி. இப்ப ரெண்டையும் பக்கத்துல வெச்சிப் பாருங்க.

ம். அவன் பேர அடிச்சிட்டு என் பேர எழுதுங்க சார்.